மேயர் மனைவியைப் பற்றி எழுதாத நாவல்

எவாரிஸ்த் துர்னெல் பகலில் நிலப்பதிவு அலுவலகக் குமாஸ்தா. மாலையானால் என் காப்பிக் கடையின் மூலை மேசையில் நாவலாசிரியர். அவருடைய அக்கா கிளெமான்ஸ் திருமணமாகாதவள்; தம்பியின் காலருக்குக் கஞ்சி போடுவதும் அவர் எழுத்தைத் திட்டுவதுமே அவள் வேலை.

ஒருவழியாக நாவல் பாரிஸில் அச்சாகி வந்தது. சிற்றூர் வியாபாரி ஒருவரின் மனைவி, குதிரைப்படைக் கேப்டனோடு ஓடிப்போகிற கதை. அதைத் தொடுவதே பாவம் என்று ஞாயிறு பூசையில் பாதிரியார் முழங்கினார். மறுநாளே புத்தகக் கடையில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

ஊரார் எவாரிஸ்தை உதைக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால், முதலில் வந்தவள் கயிற்று வியாபாரியின் மனைவி. முகத்திரையை இறக்கிவிட்டுக்கொண்டு, "அது நான்தானே? என் கழுத்தைப் பத்தி அவ்வளவு எழுதியிருக்கீங்களே, பொல்லாதவர் நீங்க!" என்று குழைந்தாள். அடுத்து நோட்டரியின் மனைவி வந்தாள். அவளும் அதே கழுத்துக்குத்தான் உரிமை கொண்டாடினாள்.

பிறகு மேயர் பெலிசார் வந்தார். சண்டைக்கு அழைக்கும் அடையாளமாகக் கையுறையைக் கழற்றி எவாரிஸ்தின் காப்பிக் கோப்பைக்குள்ளேயே எறிந்தார்.

"என் பொண்டாட்டியை அவமானப்படுத்திட்டே!"

"ஐயா, சத்தியமா அவங்களைப் பத்தி ஒரு வரிகூட எழுதலை."

"அதைத்தான்யா கேக்கறேன்! ஏன் எழுதலை? கயிறு விக்கிறவன் பொண்டாட்டிக்கு ஒரு கேப்டன் கிடைக்கிறான், மேயர் பொண்டாட்டிக்குக் கிடைக்கமாட்டானா? அவ என்கூடப் பேசறதையே நிறுத்திட்டா!"

துப்பாக்கிச் சண்டைக்கு நாள் குறித்தார்கள். எவாரிஸ்துக்குச் சாட்சி நான். ஆற்றங்கரையில் இருவரும் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள். அப்போது கிளெமான்ஸ் புல்லை மிதித்துக்கொண்டு வந்தாள்.

"மேயர் ஐயா, கொஞ்சம் நில்லுங்க. இவன் பொய் சொல்றான். எழுதினது உங்க சம்சாரத்தைத்தான். அவங்க மானத்தைக் காப்பாத்தணும்னுதான் சாகவும் துணிஞ்சு நிக்கிறான்."

மேயரின் முகம் மலர்ந்தது. துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு எவாரிஸ்தைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். அந்த ஞாயிறு மேயரின் மனைவி கழுத்து தெரிகிற உடையில் பூசைக்கு வந்தாள். கற்புக்கு நகராட்சி விருது வழங்கும் விழாவுக்கும் அவளே தலைமை தாங்கினாள்.

"உண்மையில் அந்தப் பெண் யார்?" என்று ஒருநாள் எவாரிஸ்திடம் கேட்டேன்.

"அக்காதான். சின்ன வயசுல ஒரு சார்ஜெண்டோட கிளம்பப் பெட்டி கட்டினா. வாசல் வரைக்கும் வந்துட்டா. காய்ச்சல்ல கிடந்த நான் அழுதேன்னு பெட்டியைப் பிரிச்சிட்டா. நான் அவளைக் கதையிலயாவது போகவிட்டேன்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"என் புத்தகத்தை அவ எங்கே படிச்சா?"

சில வருடங்களில் மார்ச்சளி கண்டு எவாரிஸ்த் இறந்தார். கல்லறையில் மூன்று சீமாட்டிகளும் கறுப்பு முகத்திரையோடு, ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டு, விதவைகளைப் போல் விம்மினார்கள். அவர்கள் கணவன்மார்கள் பெருமையோடு குடை பிடித்தார்கள். கிளெமான்ஸ் நிற்க இடமில்லாமல் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கதையில அந்தக் கேப்டனுக்கு மீசை வச்சிருக்கான்," என்றாள் மெதுவாக. "அவருக்கு மீசையே கிடையாது."