ஹெப்பகோடியிலிருந்து கேட்டை நட்சத்திரம் வரை

காலை 7.40, ஹெப்பகோடி மெட்ரோ நிலையம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் உட்கார இடம் கிடைத்தது. பிரேசர் டவுன் போகும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் பாதையில் ஆர்.வி. ரோடு, பச்சையில் மெஜஸ்டிக், ஊதாவில் ஹலசூரு. ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், தொண்ணூறு ரூபாய், ஒன்றரை மணி நேரம். அதே நேரத்தில் எங்கள் ஊர் கிருஷ்ணகிரிக்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

மடியில் லேப்டாப். அதற்குள் ஒரே ஒரு படம், கீழே பாறையும் ஒரு மரமும், நடுவில் விருச்சிகம், அதன் நெஞ்சில் கேட்டை. நான் பிறந்த நட்சத்திரம் அது. கேட்டைப் பெண் வந்தால் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது என்று மூன்று வீட்டார் என் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அப்படி என்னதான் இருக்கிறது இதில், பார்த்தே விடுகிறேன் என்றுதான் சிக்கபள்ளாப்பூர் பக்கம் ஒரு குன்றில் ஏறி அதைப் படம் எடுத்தேன். அடிவானத்தில் பெங்களூரு வெளிச்சம் ஆரஞ்சுக் கறையாக அப்பியிருந்தது. அதைத் துடைத்தெடுக்க மூன்று வாரம் கணினி முன்னால் தவம் கிடந்தேன்.

நட்சத்திரப் படம் எடுக்கும் ஒன்பது பேர் நாங்கள். விவேக் நகரில் ஒரு ஹாலை வாடகைக்குப் பிடித்துக் கண்காட்சி வைக்கிறோம். சுவரில் பன்னிரண்டு படங்களுக்கு இடம், பதினொன்று முடிவாகிவிட்டது. மிச்சம் ஒன்று, இன்றோடு தேர்வு முடிகிறது. இரண்டு முறை கொண்டுபோய் வெறுங்கையோடு திரும்பியவள் நான். எங்கள் விதிப்படி படம் திரையில் இருக்கும்வரை எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. ஒருவர் வேண்டாம் என்றாலும் படம் கிடையாது.

வாரம் ஐந்து நாளும் அடுத்தவர் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். என் வேலையில் யாராவது குற்றம் சொன்னால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

9.15, ஹலசூரு. இங்கிருந்து ஆட்டோதான், மூன்றரை கிலோமீட்டர்.

"நூத்தி இருபது குடுங்க மேடம், சண்டே."

"சண்டேன்னா ரோடு நீளமாயிடுமா?"

ஓட்டுநர் சிரித்துவிட்டு நூறுக்கு வந்தார்.

9.40, பிரேசர் டவுன். மாஸ்க் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், எங்கள் ஒன்பது பேரில் ஒருத்தியான ஷாஹீனின் பல் மருத்துவமனை. நோயாளிகளுக்குச் சொத்தைப் பல்லைக் காட்டும் பெரிய டிவியில்தான் எங்கள் படங்களும் ஓடும். ஷாஹீனுக்கு என் வயதுதான். பல்லைப் பிடுங்கும்போதாவது மரத்துப் போக ஊசி போடுவாள், படத்துக்கு அதுவும் கிடையாது.

என் படம் வந்தது. நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

"என்னா இது? நீலம் போட்டுத் துவச்ச வேட்டி மாதிரி இருக்கு வானம்" என்றாள் ஷாஹீன்.

அடுத்து நாகராஜ். வங்கி அதிகாரி, மூன்று தலைமுறையாகப் பெங்களூருத் தமிழர், பேச்சில் கன்னடம் எட்டிப் பார்க்கும். "சும்னே குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. மரத்தச் சுத்தி ஒரு வெள்ளக் கோடு ஓடுது, நோடி, நல்லாப் பாருங்க. வெட்டி ஒட்டுன மாதிரி."

எனக்குக் காது சுட்டது. அதற்குள் ஷாஹீன் எழுந்து டிவிக்குப் பக்கத்திலேயே போய் நின்றாள்.

"படத்துக்குப் பேரு கேட்டைன்னு வச்சிருக்கே. இதுல கேட்டை எங்க? செவப்பால்ல இருக்கணும்? எல்லாப் புள்ளியும் ஒரே வெள்ளையா இருக்கு. நான் வேணாம்னுதான் சொல்வேன்."

படத்தை இறக்கினார்கள். இனி நான் பேசலாம்.

"மூணு வாரம் உக்காந்து செஞ்சிருக்கேன் ஷாஹீன்!"

"தெரியுது. அதான் தொல்லை. கேமரால வந்தத அப்படியே காட்டு."

காட்டக் கூடாது என்றுதான் நினைத்தேன். ரோஷம் விடவில்லை, திறந்தேன். கறையோடும் மணல் தூவியதுபோன்ற சொரசொரப்போடும் படம் விரிந்தது. நடுவில் கேட்டை, கொள்ளிக்கட்டையின் நுனிபோல் சிவப்பாக. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆரஞ்சை இறக்கு, சிவப்பை இறக்கு என்று கறையைத் துடைக்கப் போய், என் நட்சத்திரத்தின் நிறத்தையும் சேர்த்தல்லவா துடைத்திருக்கிறேன்! மூன்று வீட்டாராலும் முடியாததை என் கையாலேயே செய்து முடித்திருந்தேன்.

"இத வச்சுக்கிட்டு எதுக்கும்மா அத காட்டினீங்க?" என்றார் நாகராஜ்.

"ஒரு மணிக்கு பிரியாணி வரும், அதுக்குள்ள முடி" என்றாள் ஷாஹீன்.

11.10. நோயாளிகளின் சாய்வு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கருவிகள் வைக்கும் தட்டில் லேப்டாப்பை வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன். சொரசொரப்பைக் குறைத்தேன். நகர வெளிச்சத்தைப் பாதி தணித்து மீதியை அப்படியே விட்டேன். கேட்டையைத் தொடவே இல்லை. கால் மணிக்கு ஒருமுறை, "ஷாஹீன், வா, குறை சொல்லு" என்று நானே கூப்பிட்டேன். பாறை ரொம்ப வெளிறியிருக்கிறது என்றாள், இறக்கினேன். ஓரம் இருட்டாக இருக்கிறது என்றார் நாகராஜ். அதை மட்டும் மாற்றவில்லை, அன்றைக்கு ஓரம் இருட்டாகத்தான் இருந்தது.

12.55. மறுபடியும் டிவி, மறுபடியும் வாய்ப்பூட்டு. ஷாஹீன் கண்ணைச் சுருக்கி மூலை மூலையாகப் பார்த்தாள்.

"இத மாட்டலாம்."

மற்ற ஏழு கைகளும் உயர்ந்தன. வாசலில் பிரியாணிக்காரர் திடுக்கிட்டு நிற்கும்படி ஒரு கூச்சல் கேட்டது. போட்டவள் நான்தான்.

2.30. கிளம்பிவிட்டேன். எங்கள் ஊரில் யாராவது என் நட்சத்திரத்தைக் கேட்டால் வீட்டில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பிரேசர் டவுனில் இன்று ஒன்பது பேர் அதன் நிறத்துக்காகச் சண்டை போட்டோம். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெயரைத் தெருவில் நின்று உரக்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அம்மாவைப் போனில் அழைத்தேன்.

"அம்மா, என் படத்த எடுத்துக்கிட்டாங்க! மூணு அடி அகலம். கீழ கேட்டைன்னு பெரிய எழுத்துல போடப் போறாங்க."

அந்தப் பக்கம் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"அழைப்பிதழ் அடிச்சா எனக்கு மூணு சேத்து அனுப்புடி" என்றாள் அம்மா. "அந்த மூணு வீட்டு அட்ரசும் எங்கிட்ட இருக்கு."