புதுத் தண்ணீருக்கு மேட்டுக் கோயிலில் பொங்கல்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நினைவு மலரில் மறைந்தவரைப் புகழ வேண்டும் என்பது முறை. முறைகளோடே வாழ்ந்து ஓய்வு பெற்றவன் என்பதால் நானும் அதை மீறப்போவதில்லை.

அக்கா பிறந்தது மகாராஜபுரத்தில். சிறு வயதில் ஒரு தோழியோடு ஆற்றில் புதுத் தண்ணீர் பார்க்கப் போனார். நின்ற கரை சரிந்தது. அக்காவின் கையில் ஒரு வேர் பட்டது. தோழியின் கையில் ஒன்றும் படவில்லை. அதன்பின் அவர் எந்த வெள்ளத்தையும் கிட்டே போய்ப் பார்த்ததில்லை.

வாழ்க்கைப்பட்டு வந்தது சேத்தூருக்கு. அங்கே ஆண்டு முழுதும் காய்ந்து கிடக்கும் ஓடை, மலையில் மழை பெய்தால் திடீரென்று வரும். வெள்ளம் என்றால் நம் ஊர்க்காரர்கள் ஓடுவார்கள்; வெள்ளத்தை நோக்கி ஓடுவார்கள். பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலத்துச் சுவரில் சாய்ந்து நின்று பார்ப்பார்கள்.

நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் வருவாய்த் துறையில் இருந்தேன். வெள்ள ஒத்திகை ஒன்றை விதிமுறை வழுவாமல் சேத்தூரில் நடத்தினேன். ஒலிபெருக்கி, கயிறு, மிதவை எல்லாம் இருந்தன. ஊரே திரண்டு வந்து, பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது.

"ஏலே தம்பி, இவிய பாக்காம இருக்க மாட்டாவ. பாக்குற எடத்த மாத்தணும்லே," என்றார் அக்கா.

அடுத்த மழைக்கு முன் அவர் கனவில் அம்மன் வந்தாள். ஓடையில் புதுத் தண்ணீர் வந்ததும் மேட்டுக் கோயிலில் பொங்கலிட வேண்டும், வீட்டில் ஒருவரும் தங்கக் கூடாது என்றாளாம். இந்த உத்தரவுக்கு எந்தக் கோப்பிலும் ஆதாரம் இல்லை. ஆனால் ஊர் கீழ்ப்படிந்தது. மேட்டிலிருந்து ஓடை முழுதும் தெரியும். கையில் சர்க்கரைப் பொங்கலும் இருக்கும். மேலே ஏறப் படிக்கட்டு வேண்டும் என்பதை அம்மன் சொல்ல மறந்திருந்தாள். அதை நான் உரிய மனுக்கள் போட்டு வாங்கினேன்.

சர்க்கரைப் பொங்கலுக்கு மயங்காதவர் ஊரில் ஒருவர்தான்: சர்க்கரை வியாதி உள்ள எங்கள் அத்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு ஓர் ஐப்பசியில் ஓடை பெரிதாக வந்தது. ஊர் மேட்டில் இருந்தது. அத்தான் குடையோடு பாலத்தில் இருந்தார். மேலிருந்து அதைப் பார்த்த அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"அவியளுக்குத் தனியா வெண்பொங்கல் வச்சிருக்கேன்னு சொல்லுலே. ஓடு," என்று என்னை அனுப்பினார்.

பாலத்தில் நான் முதலில் அபாய அளவைப் பற்றித்தான் பேசினேன்.

"நீதான் ரிட்டயர்டு ஆயிட்டியேப்பா. செத்த நேரம் பாத்துட்டு வாரேன்," என்றார் அத்தான்.

"அக்கா உங்களுக்குன்னு வெண்பொங்கல் வச்சிருக்கு அத்தான். நெய்யோட."

குடை மடங்கியது. படிக்கட்டில் பாதி ஏறியபோது பெருஞ்சத்தம் கேட்டுத் திரும்பினோம். அவர் சாய்ந்து நின்ற சுவர் இல்லை. பாலத்தில் பாதியும் இல்லை.

மேலே வந்த அத்தான் பானைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "வெண்பொங்கல் எங்கட்டி?" என்றார்.

"அரிசி இனிமேத்தான் போடணும்," என்றார் அக்கா.

மறு மழையிலிருந்து மேட்டுக்கு இரண்டு பானைகள் ஏறின.

கடைசி நாட்களில், ராஜபாளையத்து மருத்துவமனையில், "அம்மன் நெசமாவே கனவுல வந்தாளாக்கா?" என்று கேட்டேன். "வராமலா அம்புட்டு பேரும் மேல ஏறுனாவ?" என்று சிரித்தார். துறைரீதியான விசாரணையில் இதைவிடத் தெளிவான பதிலை நான் பெற்றதில்லை.

மருத்துவமனையில் அக்காவைக் கவனித்துக்கொண்டவர்களுக்கும், செட்டியார்பட்டியிலிருந்து வேளை தவறாமல் சாப்பாடு கொண்டுவந்த சம்பந்தி வீட்டாருக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த சேத்தூர் மக்களுக்கும் குடும்பத்தார் அனைவரின் நன்றி.

இன்னும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. அக்கா இல்லாத முதல் மழையில் ஓடை வந்தபோது, இரண்டு பானைகளையும் அத்தானே மேட்டுக்குச் சுமந்து போனார். சமையல் அறியாதவர். இரண்டும் அடிப்பிடித்தன. ஊரார் நீங்கள் முகம் சுளிக்காமல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். கீழே புதுப் பாலத்தில் அன்று ஒரு குடைகூட இல்லை.