வராந்தாவில் கிடைத்த நல்ல வார்த்தை

இது நடந்தது. பேய்க் கதை என்றதும் எழுந்துபோய் விளக்கைப் போட வேண்டாம், ஏனென்றால் இதில் இருட்டே கிடையாது. எல்லாம் பட்டப்பகலில். ஜூலை 17, வியாழக்கிழமை, மதியம் 3.22 முதல் 3.41 வரை. மொத்தம் பத்தொன்பது நிமிடம். நடந்தது ஆம்பூர் தேவானந்தத்துக்கு. மனிதர் இன்றும் இருக்கிறார், தினமும் வேலைக்குப் போகிறார். அந்த இடத்தின் பெயரை மட்டும் எழுதவில்லை. அது இன்னும் திறந்திருக்கிறது.

தேவானந்தத்துக்கு டேனரியில் செலக்ஷன் வேலை. பதப்படுத்திய தோலை மேசையில் விரித்து, கட்டைவிரலால் தடவி, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது தேறாது என்று பிரிக்க வேண்டும். முப்பது வருடமாகப் பிரிக்கிறார். உண்ணி கடித்த இடம், முள் கிழித்த இடம், கத்தி பட்ட இடம் எல்லாம் அந்த விரலுக்குத் தெரியும். அறுத்த ஆட்டின் தோலா, தானாகச் செத்த ஆட்டின் தோலா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். கூட வேலை செய்கிறவர்கள் டீக்குப் பந்தயம் கட்டித் தோற்றதுதான் மிச்சம்.

ஆனால் போன வருடத்திலிருந்து சர்க்கரையால் விரல் நுனி மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. அதைப் பற்றி அவர் வெளியே மூச்சு விடவில்லை. தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம்.

ஜூன் மாதம் மனைவி கிரேஸிக்கு ஸ்ட்ரோக் வந்தது. பள்ளிக்கூட டீச்சர். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. பிள்ளைகள் கிடையாது, இவருக்கு அவள், அவளுக்கு இவர். வேலூரில் ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, பிறகு டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் பிசியோதெரபி கொடுக்கிற நல்ல ஹோமாகப் பார்த்து மூன்று மாதம் சேர்த்தால் நடந்துவிடுவாள். வீட்டில் தனியாகப் போட்டுவிட்டு வேலைக்குப் போனால் படுத்த படுக்கைதான்.

ஹோம் என்ற சொல்லே கிரேஸிக்கு நடுக்கம். இடது கையால் அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க... கையால... பாத்து சொல்லுங்க. நீங்க சரின்னா... நா வர்றேன்."

"நா பாக்காம உன்ன எங்கயாவது விடுவனா?"

அந்த வார்டு நர்ஸ் அமிர்தவள்ளி நல்ல பெண். மருந்துச் சீட்டைக் கொடுக்கிற சாக்கில் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"சொல்லிட்டுப் போவாதீங்க சார், திடீர்னு போங்க. படுத்துருக்கறவங்க குதிகாலப் பாருங்க, புண்ணு மொதல்ல அங்கதான் வரும். தண்ணி கைக்கு எட்டுதா பாருங்க. பெல்ல அழுத்திட்டு வாட்ச்சப் பாருங்க. ஸ்டாஃப மட்டும் கேக்காதீங்க. அங்க இருக்கறவங்கள தனியா கேளுங்க. அவங்களுக்குப் பொய் சொல்ல இன்னா இருக்கு?"

இதைவிடச் சரியான யோசனையை யாரும் சொல்ல முடியாது. இன்றைக்கும் சொல்ல முடியாது.

முதலில் பார்த்த ஹோமில் பினாயில் வாசனைக்கு அடியில் மூத்திர வாசனை. இரண்டாவதில் ஒரு பாட்டியின் மணிக்கட்டைப் புடவைக் கிழிசலால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். மூன்றாவது, கணியம்பாடி தாண்டி, தோப்புக்கு நடுவில் இரண்டு மாடிக் கட்டிடம். வாசலில் செம்பருத்தி. கெட்ட வாசனை இல்லை.

மேனேஜர் தபரேஸ் சின்ன வயசுக்காரர், நல்ல மரியாதை. "உக்காருங்க சார். இப்ப பேஷன்ட்டுங்க தூங்கற டைம். நாலு மணிக்கு மேல நானே கூட்டிட்டுப் போறேன்." சொல்லிவிட்டு, போன் வந்ததும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

திடீர்னு போங்க என்று அமிர்தவள்ளி சொன்னது தேவானந்தத்துக்கு ஞாபகம் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மாடியேறினார். மணி 3.22.

மேலே பெண்கள் ஹால். ஆறு கட்டில். ஆறு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்கள். ஒருவர் முகமும் தெரியவில்லை. குறட்டை இல்லை, இருமல் இல்லை. ஃபேன் மட்டும் டக்... டக்... டக்... என்று சுற்றிக்கொண்டிருந்தது. மதியத் தூக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஹாலைத் தாண்டி, கம்பி அடித்த வராந்தா. அதன் கோடியில் ஒரு வீல்சேர். வெள்ளைத் தாடி, தலையில் தொப்பி, எண்பது வயதுப் பெரியவர். அந்த வெயிலிலும் மார்பு வரை கம்பளி.

"வா தம்பி. வீட்டுக்காரம்மாவுக்கா?"

தேவானந்தம் இன்னும் வாயே திறக்கவில்லை. சரி, இங்கே வருகிறவன் வேறு யாருக்காக வரப்போகிறான்?

"ஆமா பாய். உங்க பேரு?"

"மக்பூல் அகமது. பேரணாம்பட்டு."

தேவானந்தம் குரலைத் தாழ்த்தினார். "இங்க கவனிப்பு எப்டி பாய்? நெஜத்த சொல்லுங்க, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ஃபர்ஸ்ட் கிளாஸ்." பெரியவர் சிரித்தார். "குதிகால பாக்கணும்ல? பாரு."

கம்பளியை அவரே விலக்கினார்.

புண் இல்லை. வெடிப்பு இல்லை. ரேகையும் இல்லை. எண்பது வயதுக் கால், மெஷினில் அழுத்தி இஸ்திரி போட்ட தோல் மாதிரி வழவழவென்று இருந்தது. தேவானந்தத்துக்கு அப்போது சந்தோஷம்தான் வந்தது. என்ன கவனிப்பு என்று வியந்தார்!

பக்கத்து ஸ்டூலில் தண்ணீர் டம்ளர், கைக்கு எட்டுகிற தூரத்தில். விளிம்பு வரை தண்ணீர். அதன் மேல் தூசி, ஆடை கட்டியிருந்தது.

"இப்பல்லாம் தாகம் ஜாஸ்தி இல்ல தம்பி," என்றார் பெரியவர்.

3.36.

"பெல்லு?" என்றார் அவரே. "வாட்ச்ச பாரு."

கம்பியில் தொங்கிய பித்தானை அழுத்தினார். மணி எங்கும் அடிக்கவில்லை. ஆனால்... படிக்கட்டில் காலடிச் சத்தம்.

டப்... டப்... டப்...

மாடிக்கு வந்தது. ஹாலுக்குள் வந்தது. கட்டில்களைத் தாண்டி வந்தது. தேவானந்தத்தின் முதுகுக்குப் பின்னால் வந்து... நின்றது.

"பாத்தியா. பத்தே செகண்டு."

திரும்பினார்.

யாரும் இல்லை.

ஹாலில் ஆறு பேரும் அப்படியே. கடைசிக் கட்டில் பெண் மட்டும், சுவரைப் பார்த்தபடியே, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

"வந்தான்... போய்ட்டான். இங்க பேஜாரே இல்ல தம்பி. கூட்டிட்டு வா."

3.40.

பெரியவர் கையை நீட்டினார். தேவானந்தம் பிடித்தார். முப்பது வருடப் பழக்கம்... கட்டைவிரல் தானாக அந்தப் புறங்கையைத் தடவியது.

விரல் சொன்னது.

செத்த தோல்.

கையை இழுத்தார். வரவில்லை.

"கூட்டிட்டு வா... சீக்கிரம்..."

விட்டது.

மடமடவென்று கீழே இறங்கி வந்தபோது மணி 3.41. நாற்காலியில் உட்கார்ந்து கட்டைவிரலைப் பார்த்தார். பாழாய்ப்போன சர்க்கரை, மரத்துப்போன விரலுக்கு உயிருள்ள தோல் எங்கே தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காலடிச் சத்தமா? ஆள் வந்து எட்டிப் பார்த்திருப்பான், விசிட்டர் இருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போயிருப்பான். மனிதனுக்கு வேண்டியது ஒரு நல்ல வார்த்தை. அது கிடைத்துவிட்டால் மற்றதற்கெல்லாம் காரணம் கண்டுபிடித்துவிடுவான். இரண்டு நாளில் ஆஸ்பத்திரிக் கட்டிலைக் காலி செய்ய வேண்டும், லீவும் முடிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க நம்பிய விரலை, நம்ப வேண்டிய ஒரே நாளில் அவர் நம்பவில்லை.

தபரேஸ் வந்தார். "மேல போய்ட்டு வந்தீங்களா சார்?"

"ஆமா. வராந்தால ஒரு பாய், மக்பூல் அகமதுன்னாரு. ரொம்ப நல்லா பாத்துக்கறீங்கன்னு சொன்னாரு."

தபரேஸ் பேனா மூடியை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"அப்டியா சார்... சந்தோஷம்."

சனிக்கிழமை கிரேஸியைச் சேர்த்தார். "நானே பாத்தேன், முதல் தரம்," என்று அவள் காதில் சொன்னார். அவள் சிரித்தாள். வாரம் பூராவும் ஷிஃப்ட் என்பதால் ஞாயிறு மட்டும்தான் அவரால் போக முடியும். முதல் ஞாயிறு நன்றாகத்தான் இருந்தாள். இரண்டாவது ஞாயிறு அவரைப் பார்த்ததும் அழுதாள், ஏதோ சொல்ல வந்து நாக்கு புரளவில்லை. புது இடம், போகப் போகச் சரியாகும் என்று தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாவது ஞாயிறு, அவர் இருந்த நேரம் முழுக்கத் தூங்கிக்கொண்டே இருந்தாள். மாத்திரை என்றார்கள்.

நான்காவது ஞாயிறு, ஆகஸ்ட் 10. அவள் உடம்பு கொதித்தது. போர்வையை விலக்கினார். குதிகால் இரண்டும் கறுத்திருந்தன. புரட்டிப் பார்த்தார். முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண், எலும்பு தெரிந்தது. ஊரார் ஆட்டுத் தோலில் ஊசிமுனைக் கீறலைக் கண்டுபிடிக்கிற மனிதர், சொந்த மனைவியின் தோலை அன்றைக்குத்தான் பார்த்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். அது வருவதற்குள் கிரேஸி கண்ணைத் திறந்தாள்.

"நீங்க... பாத்தீங்களே..."

அவ்வளவுதான். மணி மாலை 4.05.

தேவானந்தம் தபரேஸின் சட்டையைப் பிடித்தார். "அந்த பாய் எங்கய்யா? ஃபர்ஸ்ட் கிளாஸ்னு சொன்னானே, அந்தாள கூப்புடு!"

துடைப்பத்தோடு நின்றிருந்த பெண்தான் பதில் சொன்னாள். "எந்த பாய் சார்?"

"மக்பூல் அகமது. பேரணாம்பட்டு. வராந்தால வீல்சேர்ல இருப்பாரே!"

அவள் தபரேஸைப் பார்த்தாள். "அவரு ரம்ஜான் மாசமே மௌத் ஆய்ட்டாரே சார். இதே மாதிரிதான், புண்ணு வந்து செத்தாரு. வீட்லருந்து ஒருத்தரும் வரல."

ரம்ஜான் வந்தது மார்ச்சில். தேவானந்தம் கைகொடுத்தது ஜூலையில்.

"தெரிஞ்சும் சந்தோஷம்னு சொன்னியேடா..."

"நா இன்னா சார் பண்றது?" என்றார் தபரேஸ். கண்ணைப் பார்க்கவில்லை. "நல்லா சொன்னார்னு நீங்கதான சொன்னீங்க."

தேவானந்தத்துக்குப் பயம் வரவில்லை. ஏமாந்துவிட்டேன் என்ற ஆத்திரம்தான் வந்தது. தபரேஸ் பொய் சொன்னான், அது அவன் பிழைப்பு. அந்தக் கிழவர் ஏன் சொன்னார்? அதே புண்ணில் அழுகிச் செத்தவர், வாயைத் திறந்து வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிரேஸி இருந்திருப்பாள். செத்தவனுக்குப் பொய் சொல்லி என்ன லாபம் என்று கேட்காத ஆள் இல்லை. போலீஸுக்குப் போனார். சேர்க்கும்போது போட்ட கையெழுத்தைக் காட்டி அவர்கள் அனுப்பிவிட்டார்கள்.

செப்டம்பர் 24, புதன்கிழமை. செலக்ஷன் மேசையில் நின்றிருந்தார். போன் வந்தது. புது நம்பர். மணி மாலை 4.10.

"தேவானந்தம் அங்கிளா? நா திருப்பத்தூர்லருந்து புஷ்ரா. அம்மாவுக்கு ஸ்ட்ரோக். கணியம்பாடி தாண்டி ஒரு ஹோம்ல நேத்து சேத்துட்டோம்."

"ஏம்மா... அங்க ஏன் சேத்த?"

"வராந்தால ஒரு ஆன்ட்டி இருந்தாங்க அங்கிள், வீல்சேர்ல. ஸ்கூல் டீச்சராம், கிரேஸின்னு பேரு. நல்லா பாத்துக்கறாங்க, கூட்டிட்டு வான்னாங்க. எவ்ளோ தெளிவா பேசுறாங்க! அவங்கதான் உங்க நம்பர் குடுத்து, நா நல்லாருக்கேன்னு அவர்கிட்ட சொல்லிடுன்னாங்க."

மேசையில் விரித்திருந்த தோலை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாடி, நா சொல்றத கேளு... இப்பவே போய் அம்மாவ கூட்டிட்டு வந்துடு. அவ என் பொண்டாட்டி. செத்துப்போய்ட்டா. ஆகஸ்ட் பத்தாம் தேதி, அதே எடத்துல, என் கண்ணு முன்னாடி செத்துப்போய்ட்டா."

புஷ்ரா பேசினாள். குரல் மாறியிருந்தது. பைத்தியக்காரனிடம் பேசுகிற பரிவு அதில் இருந்தது.

"ஆன்ட்டி சொன்னாங்க அங்கிள்."

"இன்னா... இன்னா சொன்னா?"

"நீங்க இப்டித்தான் பேசுவீங்கன்னு. 'செத்துட்டேன்னு கூட சொல்வாரு, அவர நம்பாதம்மா'ன்னாங்க."

போன் கட்டானது. மணி 4.13. அதன் பிறகு அவர் எத்தனை தடவை போட்டும் அந்த நம்பரை யாரும் எடுக்கவில்லை.