யானை கலைத்த குரல்

வட்டாரப் பள்ளிக்கூடங்கள் சேர்ந்து பாடும் குழுவுக்குப் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கும் வேலை அந்த வருடம் சங்கீத ரீச்சரான என் தலையில் விழுந்தது. நான்கு நாள் பஸ்ஸில் அலைந்து ஒட்டுசுட்டானுக்கு வந்தபோது, யாருடைய பாட்டையும் கேட்கப் பிடிக்காத நிலையில் இருந்தேன்.

கடைசியாக வந்தவள் தவமணி. சுருதி விலகாமல் பாடினாள். ஆனால் மேலே போனதும் குரல் கிழிந்தது. இரண்டாவது வரியிலேயே கையைக் காட்டி நிறுத்தினேன். அவள் பெயரில்லாத பட்டியலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

பஸ்ஸுக்கு நின்றபோது அவளின் தாய் வந்தார்.

"பிள்ளையை எடுத்தனீங்களோ, ரீச்சர்?"

"இல்லையம்மா. குரல் கரகரக்குது."

"ஓம், கரகரக்கும்தானே. நெல்லு முத்தியிட்டுது. ஒரு கிழமையா விடிய விடியத் தேப்பனோடை காவல் கொட்டிலிலை நிண்டு, கத்திக் கத்தி வயலுக்கை வாற யானையளைக் கலைக்கிறாள். அருவி வெட்டி நெல்லு வீட்டை வந்தாப் பிறகு வந்திருந்தியளெண்டா நல்லாப் பாடியிருப்பாள்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. தேர்வுக்கு அந்த மாதத்தைக் குறித்தவளே நான்தான். திரும்பிப் போய்ப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் பஸ் வந்துவிட்டது. அடுத்தது பின்னேரம்தான். ஏறிவிட்டேன்.

மறுவருடம் அறுவடை முடிந்த பிறகே போனேன். எல்லாக் குரல்களும் தெளிவாக இருந்தன. தவமணி பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருந்தாள்.

அன்று களைத்துப் போயிருந்தேன் என்றுதான் இவ்வளவு காலமும் எனக்குச் சமாதானம் சொல்லிவந்தேன். ஒரு கிழமை நித்திரையில்லாத அந்தப் பிள்ளை, என் முன்னால் நிமிர்ந்து நின்று பாடியது.