சங்கு ஊதாத நாள்

எங்கள் மாமாவுக்கு ரப்பர் தோட்டத்தில் அரைக்கிணறு என்று பெயர். அம்மாவின் தம்பி அவர், எங்களோடு லயத்துக் காம்பிராவில், தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில்தான் இருந்தார். கிணற்றைத் தாண்டப் போனவன் பாதிக் கிணறு தாண்டினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். மாமா அப்படிப் பல கிணறுகளில் விழுந்து எழும்பியவர். கோழி வளர்க்கிறேன் என்று கூடு கட்டினார். மூன்று பக்கம் வலை அடித்துவிட்டு நாலாவது பக்கத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டதில், அன்றிரவே கீரி வந்து போய்விட்டது. போன் திருத்தப் படித்தார். லயத்தில் பாதிப் பேருடைய போன்கள் வயிறு திறந்தபடி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் மாசக்கணக்காகக் கிடந்தன. ஒன்றை ஆரம்பிப்பதில் அவரை மிஞ்ச எங்கள் தோட்டத்தில் ஆள் கிடையாது.

அதற்கு முன் ஏழு வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். அதிலும் கங்காணியிடம் திட்டு வாங்காத நாள் குறைவு. கத்தி பிடிக்கத் தெரியாமல் இல்லை. ஒரு வரிசை மரத்தை வெட்டிவிட்டு, அடுத்த வரிசையில் ஏதாவது குருவிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார். "என்னாலெ ஒருத்தனுக்கு கீழ வேல செய்ய ஏலாதுக்கா" என்று ஒருநாள் கத்தியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தார். ஒருத்தனுக்குக் கீழே இருக்கும்போதே இந்த லட்சணம் என்றால் தனக்குத் தானே முதலாளி ஆனால் என்ன ஆகும் என்று அப்பா கேட்டார். அது நியாயமான கேள்விதான்.

கடைசியாக மாமாவுக்குக் கிடைத்தது காளான். தெஹியோவிட்டவில் ஒரு வகுப்பு நடந்தது. சிங்களத்தில்தான் நடந்தது, மாமாவுக்கு அது தாய்மொழி மாதிரி. ரப்பர் மரத்தூளில் தவிடு கலந்து பொலித்தீன் பைகளில் அடைக்க வேண்டும். பைகளைப் பெரல் என்கிற பெரிய தகரப் பீப்பாய்க்குள் பலகைத் தட்டின் மேல் அடுக்கி, அடியில் தண்ணீர் விட்டு, கீழே தீ வைத்து ஏழெட்டு மணி நேரம் அவிக்க வேண்டும். பிறகு விதை போட்டு, இருட்டுக் கொட்டிலில் வைத்து, நாள் தவறாமல் மூன்று தரம் தண்ணீர் தெளிக்க வேண்டும். வகுப்பில் மாமாவுக்கு நேரம் எழுதி வைக்க ஒரு கொப்பி கொடுத்தார்கள். திரும்பி வருகிற பஸ்ஸிலேயே அதை விட்டுவிட்டு வந்தார்.

லயத்துக்குக் கீழே அம்மா போஞ்சியும் கீரையும் போட்டிருந்த துண்டு நிலத்தைக் கொட்டிலுக்குக் கொடுத்தாள். அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார். "இதுவும் அரைக்கிணறா போச்சுன்னா ஒந்தம்பி வேற எடம் பாத்துக்கட்டும்." அப்பா சத்தம் போடுகிற மனிதர் இல்லை. அதனால் அவர் சொன்னால் சொன்னதுதான் என்று எனக்கே தெரியும். எனக்கு அப்போது பத்து வயது.

முதல் மாசம் வழக்கம்போல்தான் போனது. போனில் அலாரம் வைத்தார். அடித்ததும் கை தானாக அதை அணைத்துவிடும், அணைத்த கையோடு மறந்தும்விடும். சுவரில் கரியால் எழுதினார். இரண்டு நாளில் சுவர் வெறும் சுவராகிவிட்டது, கண்ணுக்கு எழுத்தே தெரியவில்லை என்றார். இருபது பை காய்ந்து போயிற்று. பிறகு ஒருநாள் தோட்டத்துச் சங்கு ஊதும்போது அவருக்கு ஒன்று தோன்றியது.

எங்கள் தோட்டத்தில் பக்டரிச் சங்கு மூன்று தரம் ஊதும். காலை ஆறுக்குப் பெரட்டு, அதாவது ஆட்களுக்கு வேலை பிரிக்கிற நேரம். பத்தரைக்குப் பால் எடுக்க. இரண்டுக்கு வேலை விட. ஏழு வருஷம் அந்தச் சங்குக்கு ஓடிய கால் மாமாவுடையது. "மனசு எங்க கெடந்தாலும் சங்கு ஊதுனா என் காலு தானா எழும்புது மருமகளே" என்று பெரிய ரகசியம்போல என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து ஆறு மணிச் சங்குக்கு ஒரு வேலை, பத்தரைச் சங்குக்கு ஒரு வேலை, இரண்டு மணிச் சங்குக்கு ஒரு வேலை. தண்ணீர் தெளிப்பதும் அப்படி, அவிக்கிற நாளில் பெரலுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அப்படி. ஒருத்தனுக்குக் கீழே வேலை செய்ய முடியாதென்று வந்தவர் சம்பளமில்லாமல் அதே சங்குக்கு ஓடினார்.

சிரித்தவர்கள் எல்லாம் வாய் மூடிக்கொண்டார்கள். ஐந்து மாசம் ஒருநாள்கூடத் தவறவில்லை. டவுனில் மரக்கறிக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் தினமும் இருபது பொலித்தீன் பக்கெட் காளான் எடுத்தார். இன்னும் நூறு பை போட்டால் அவிசாவளை வரை அனுப்பலாம் என்றார். அம்மா பக்கத்துக் காம்பிராக்காரியிடம் "என் தம்பி" என்று சொல்லும்போது குரல் மாறியிருந்தது. அப்பாகூட ஒருநாள் காளான் கறியை இரண்டாம் தரம் போட்டுக்கொண்டார்.

ஆனால் மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. பால் வெட்டு இல்லாத நாளில் பத்தரைச் சங்கும் கிடையாது. மாமா இதை யோசிக்கவே இல்லை. யோசிக்கத் தேவையும் வரவில்லை. மழை நாளில் அம்மா வீட்டில் இருப்பாள், சங்கு ஊத வேண்டிய நேரத்துக்கு அவளே சமையல் குசினி வாசலில் நின்று கீழே கத்துவாள். அம்மா கத்துவதை மாமா சங்கோடு சேர்த்துக்கொண்டார்.

அந்த நூறு பையையும் அவிக்கிற நாள் வந்தது. விதை வந்து இரண்டு நாளாகிவிட்டது, இனி வைத்திருக்க முடியாது. ஆறு மணிச் சங்குக்கு மாமா தீ மூட்டினார். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பெரட்டுக்குப் போனவர்கள் நனைந்துகொண்டு திரும்பி வந்தார்கள். அப்பாவுக்கு லொறியில் வேலை, அவர் போய்விட்டார். என் சின்னத் தம்பிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். அவனைக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அம்மா எட்டு மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். ரோட்டுவரை போனவள் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"ஏ புள்ள, இன்னைக்கு சங்கு ஊத மாட்டாங்க. பத்தரைக்கு கீழ போயி மாமாக்கிட்ட பெரல்ல தண்ணி ஊத்தச் சொல்லு. இப்ப சொல்லி பிரயோசனமில்ல, அவன் மறந்துருவான். பத்தரைக்கு சொல்லணும், வெளங்குதா?"

விளங்கியது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது. மணிக்கூட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உரச்சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். இதுவரைக்கும் எல்லாம் சரி.

லயத்துக்கும் கொட்டிலுக்கும் நடுவில் ஒரு கான், தண்ணீர் வடிகிற வாய்க்கால், ஓடியது. மழைத்தண்ணீர் அதில் செம்மண் நிறமாகப் பொங்கிப் போனது. மேலேயிருந்து ஒரு சிரட்டை மிதந்து வந்தது, மரத்தில் பால் பிடிக்கக் கட்டுகிற சிரட்டை. அது ஒரு கல்லில் மோதி, சுற்றி, தப்பிப் போனது. அடுத்த கல்லில் என்ன செய்யும் என்று பார்க்கத்தான் நான் இரண்டடி நடந்தேன். பிறகு அடுத்த கல். அது சிக்கிக்கொண்ட இடத்தில் ஒரு குச்சியால் தள்ளிவிட்டேன். மதகு வரைக்கும் போனேன். மதகுக்குள் போனது மறுபக்கம் வருமா என்று இறங்கிப் போய்க் காத்திருந்தேன், வந்தது. அதை எடுத்துக்கொண்டு மேலே போய் மறுபடி விட்டேன். எத்தனை தரம் என்று தெரியாது.

நான் தண்ணீர்ச் செய்தியைப் பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போடவில்லை. வேண்டுமென்று விளையாடப் போகவுமில்லை. அப்படி ஒரு செய்தி இருக்கிறதென்பதே என் தலையில் இல்லை. இதை இன்றைக்கும் யாருக்காவது புரியவைக்கப் பார்த்தால் பொய் சொல்கிறேன் என்றுதான் நினைக்கிறார்கள்.

மழைக்குள்ளே பொலித்தீன் எரிகிற நாற்றம் வந்தபோதுதான் நிமிர்ந்தேன்.

மாமா பெரலுக்குப் பத்தடி தள்ளிக் கொட்டிலுக்குள்தான் இருந்திருக்கிறார். பழைய சைக்கிள் டியூபில் ஊசியால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார், தானாகத் தண்ணீர் தெளிக்கும்படி ஒரு ஏற்பாட்டுக்கு. ஒரு வேலையில் அமிழ்ந்துவிட்டால் அவருக்கு மூக்கும் வேலை செய்யாது. பெரலில் தண்ணீர் வற்றி, பலகைத் தட்டு பற்றி, பைகள் உருகி, தீ வெளியே வந்து கொட்டிலின் சாக்குச் சுவரைப் பிடித்த பிறகுதான் ஓடி வந்தார். வந்தவர் அப்படியே நின்றிருக்கலாம். திரும்பி உள்ளே போனார். வளர்ந்து நின்ற பைகளை அள்ளி அள்ளி வெளியே எறிந்தார். மூன்றாம் தரம் வரும்போது உருகிய பொலித்தீன் வலது கையில் உறைபோல ஒட்டியிருந்தது. உதறினார், போகவில்லை. அவர் கத்திய சத்தத்துக்கு லயம் முழுவதும் இறங்கி வந்தது.

அந்தக் கையில் மூன்று விரல்கள் பிறகு நிமிரவே இல்லை. கை வெந்தவனை வெளியே போ என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை, மாமாவேதான் புறப்பட்டுப் போனார். பால் வெட்டுகிற கத்தி இனிப் பிடிபடாது. கொழும்பில் சாப்பாட்டுக் கடைகளில் பாத்திரம் கழுவினார், ஒரு கடையில் நாலு மாசம், அடுத்ததில் இரண்டு மாசம். அங்கேயும் ஏதாவது அடுப்பில் தீய்ந்திருக்கும், குழாய் திறந்தபடி கிடந்திருக்கும். போன வருஷம் வாடகை அறையில் நெஞ்சு வலித்து இறந்துபோனார். நாங்கள் போய்க் கொண்டுவந்து தோட்டத்தில் புதைத்தோம். அவருடைய பையில் இரண்டு சட்டையும், பாதிக்கு ஓட்டை போட்ட ஒரு சைக்கிள் டியூபும் இருந்தன. வந்தவர்கள் அதைக் காட்டி, அரைக்கிணறு அரைக்கிணறாவே போயிருச்சு என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

எனக்கு இப்போது டவுனில் ஒரு தையல் கடை. பள்ளிக்கூட உடுப்பு தைக்கிறோம், என்னோடு மூன்று பெண்கள். என் போனில் ஒரு நாளைக்குப் பதினொரு தரம் அலாரம் அடிக்கும். அதைக் கடையின் மறுகோடியில் உயரத்தில் வைத்திருக்கிறேன், எழும்பிப் போனால்தான் அணைக்கலாம். வெட்டிய துணி ஒரு நிறக் கூடையில், தைத்தது வேறு நிறக் கூடையில். ஒரு வேலை முடியாமல் மற்றக் கூடையைத் தொட மாட்டேன் என்று எனக்கு நானே சட்டம் போட்டிருக்கிறேன், வாரத்தில் நாலு நாள் அதை மதிக்கிறேன். இரண்டு தரம் கடையை மூடுகிற நிலைக்கு வந்த பிறகு கொழும்பில் ஒரு டாக்டரிடம் போனேன். கவனம் நிலைக்காத குறைபாடு, சோம்பலுமில்லை திமிருமில்லை, சிறுவயதிலிருந்தே இருந்திருக்கும் என்றார். வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார்.

தீப்பிடித்த அன்றைக்கு மாமாவைக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு த்ரீவீலில் ஏற்றியபோது நானும் ஏறிக்கொண்டேன். அம்மா இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள், தம்பியின் இரத்தப் பரிசோதனை வருவதற்காகக் காத்துக்கொண்டு. மாமாவின் கையைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கட்டுப்போட்டு முடிந்து மாமாவைக் கட்டிலில் கிடத்திய பிறகுதான் எழும்பி வந்தாள். முதல் கேள்வி என்னிடம்.

"பத்தரைக்கு போயி சொன்னியா?"

"சொன்னேன்" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, நாக்கு தானாகச் சொன்னது.

அம்மா மாமா பக்கம் திரும்பினாள். "புள்ள வந்து சொல்லிச்சா இல்லயாடா?"

மாமா என்னைப் பார்த்தார். என் கையில் அந்தச் சிரட்டை இன்னும் இருந்தது. த்ரீவீலில் ஏறும்போதும் அதை நான் விடவில்லை. மாமா சிரட்டையைப் பார்த்தார், நனைந்து சேறாகியிருந்த என் பாவாடையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லிச்சுக்கா. நல்லாத்தான் சொல்லிச்சு. நாந்தான் மறந்துட்டேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஐந்து மாசமாக அவள் குரலில் இருந்த பெருமை அந்த இடத்திலேயே போய்விட்டது. "புள்ள வந்து சொல்லியுமா? ஒன்ன எல்லாம் திருத்தவே முடியாது" என்று அழுதாள். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நான் போகவே இல்லை என்பதைக்கூட மாமா மறந்துவிட்டாரே, இப்படியும் ஒரு மறதி இருக்குமா என்று ஆச்சரியப்பட்டேன். அந்த மறதி எனக்கு அன்று நல்ல நேரத்தில் உதவியது. வாங்குப் பலகையில் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, தம்பிக்கு வாங்கியிருந்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துத் தின்றேன்.