சீனப் பாட்டில் சாத்திய நூல்

நித்தியானந்தன் பேச்சில் மகா கஞ்சன். பாதி ஆயுளைப் பெற்றோல் செட்டின் கண்ணாடிக்குப் பின்னால் கழித்தவர், வந்தவர்களுக்கு நன்றி சொல்வதற்கு மேல் வாயைத் திறந்ததில்லை. நாடு விட்டு வந்து குடியேறிய மனோர் பார்க்கில் அவரை அறிந்தவர்கள் நல்ல மனுசன் என்பார்கள். அதற்கு மேல் சொல்ல அவர்களிடமும் ஒன்றும் இருக்காது. அவருக்குள் ஒரு கூட்டமே குடியிருந்தது மனைவி சுவர்ணாவுக்கு மட்டும்தான் தெரியும். எல்லாரும் சீனாக்காரர், எல்லாரும் செத்து ஆயிரக்கணக்கான வருடமாகிறது.

அவர்கள் வந்தது ஒரு புத்தகத்திலிருந்து, பெற்றோல் அடிக்க வந்த யாரோ மறந்து விட்டுப்போனது. சீனத்தின் மிகப் பழைய பாட்டுகளின் தொகுதி, ஆங்கிலத்தில். உழுதவன், படைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவன், வாசலில் காத்திருந்தவள் என்று பெயர் தெரியாதவர்கள் பாடியவை. புத்தகத்துக்கு உரியவர் திரும்பி வரவில்லை, இவரும் வாசிப்பதை விடவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து, பாண் துண்டைத் தின்றுகொண்டே ஒரு பாட்டைத் தமிழில் சொல்லுவார். ஒருநாள் படைக்குப் போனவனின் பாட்டைச் சொல்லும்போது குரல் உடைந்துபோனது. வன்னியில் காணாமல்போன தம்பியைப் பற்றி ஒரு சொல் பேசாத மனிதர் அவர்.

"சீனாக்காரருக்கும் சேத்து நீங்கள்தான் அழவேணுமோ" என்று சுவர்ணா பகிடி பண்ணினாள். பிறகு குசினிக்குள் போய்த் தானும் அழுதாள்.

இந்தத் தை மாதம் அவருக்கு இதயக் குழாய்கள் அடைத்திருப்பது தெரியவந்தது. நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் எந்த நேரமும் எதுவும் நடக்கலாம் என்றார் டொக்டர். நித்தியானந்தன் மாட்டேன் என்றார். அவரோடு வேலை செய்த யோகராஜா அதே ஒப்பரேஷனுக்குச் சிரித்துக்கொண்டு போய்ப் பெட்டியில் வந்தவர், அதுவும் போன மாதம்தான். சுவர்ணா கெஞ்சினாள், கோபித்தாள், சாப்பிடாமல் கிடந்தாள். ஒப்பரேஷன் அன்று விடியத்தான் மனிதர் ஒரு வழிக்கு வந்தார்.

"நூல் சாத்திப் பாரும். நல்ல பாட்டு வந்தால் போறன். இல்லாட்டி என்னை விட்டிடும்."

கண்ணை மூடிக்கொண்டு பதிகப் புத்தகத்துக்குள் ஒரு நூலிழையை வைத்து, விழுந்த பக்கத்தைச் சாமியின் சொல்லாக எடுப்பது சுவர்ணா வீட்டு வழக்கம். மகளின் கல்யாணத்தைக்கூட அப்படித்தான் முடிவு செய்தாள். ஆனால் பதிகப் புத்தகம் யோகராஜாவின் செத்தவீட்டில் பாடப் போயிருந்தது. சாவுத் துடக்குக் கழியும்வரை அது சாமியறைக்குள் வராது.

"இதில சாத்தும்" என்று சீனப் புத்தகத்தை நீட்டினார். "இதுவும் பழசுதான்."

அவளுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. கும்பிட்டவர்களின் புத்தகம் வேறு, அழுதவர்களின் புத்தகம் வேறு. ஆனால் டாக்ஸிக்குச் சொல்லியாயிற்று. சாமிப்படங்களுக்கு முன்னால் கண்ணை மூடி நூலை வைத்தாள். திறந்தாள்.

விழுந்த பாட்டில், போனவனுக்காகக் கூட்டி வைத்த முற்றத்தில் புல் முளைத்துவிட்டது. அவனுடைய சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தவள், இனி இது யாருக்கு என்று கேட்கிறாள். வாசித்துக்கொண்டு நின்ற சுவர்ணா புத்தகத்தைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

"என்ன வந்திருக்கு?"

"வெள்ளாமை வெட்டி முடிஞ்சுது" என்றாள். "எல்லாரும் வீட்டை வந்து சேந்து, இருந்து சாப்பிடுகினம்."

அவர் புத்தகத்தையும் அவளையும் பார்த்தார். "அப்ப சரி" என்று சப்பாத்தைக் காலில் போட்டார்.

டாக்ஸி சேர்ச் றோட்டால் போனபோது முருகன் கோயில் இன்னும் திறக்கவில்லை. பூட்டிய கதவைப் பார்த்துக் கும்பிட்டாள். வீட்டில் வைத்திருந்தால் அவர் செத்துப்போவார் என்று டொக்டர் சொல்கிறார், கொண்டுபோனால் செத்துப்போவார் என்று புத்தகம் சொல்கிறது. என்ர கையாலேயே கொண்டுபோய்க் குடுக்கிறன் என்ற நினைப்பு அவளைப் பிடித்து உலுப்பியது. வழி முழுக்க அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒப்பரேஷன் அறைக் கதவடியில் நர்ஸ் தள்ளுகட்டிலை ஒரு நிமிடம் நிறுத்தினாள்.

"வெள்ளாமைப் பாட்டு கடைசிப் பக்கங்களில எல்லோ வரும், சுவர்ணா" என்றார் நித்தியானந்தன். "நீர் நூலை வைச்சது நடுவில. அந்தப் பக்கமெல்லாம் போனவை திரும்பாத பாட்டுகள்."

"தெரிஞ்சுகொண்டோ வந்தனீங்கள்?"

"ஓம்."

"ஏன்?"

"சாமியறையில நிண்டு நீர் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, இண்டைக்குத்தான் சொன்னீர். அவ்வளவுக்கு என்னை வேணுமெண்டால், வராம இருக்க ஏலுமே?"

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடிக்கொண்டது.

இன்னும் கனநேரமாகும், வீட்டுக்குப் போய் வரலாம் என்று நர்ஸ் சொன்னாள். சுவர்ணா அசையவில்லை. அவர் கழற்றிய உடுப்புகளை ஒரு பையில் போட்டுத் தந்திருந்தார்கள். மேலே கிடந்த சட்டையை வெளியே எடுத்தவள், பழக்கத்தில் கைகளைச் சேர்த்து மடிக்கப் போனாள். சட்டென்று நிறுத்தினாள். கசங்கியது கசங்கியபடியே அதை மடியில் வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி இருந்தாள்.