சுறா என்று கத்தியது நான்தான்

காஞ்சிபுரத்திலிருந்து கடலுக்குப் போக இரண்டு மணி நேரம் ஆகும். பாலாற்றில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தாலே குடும்பத்தோடு வேடிக்கை பார்க்கக் கிளம்புகிற ஊர் எங்களுடையது. கோவில் குளங்களில் கால் நனைப்போம், தலையில் தெளித்துக்கொள்வோம், படியேறி வந்துவிடுவோம். முப்பத்தெட்டு வயது வரை எனக்கு நீச்சல் தெரியாது. சுறாவைக் கண்டால் பயப்பட மட்டும் ஏழு வயதிலேயே தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் டிவியில் ஓடிய டப்பிங் படங்கள் கற்றுக்கொடுத்தது அது. சுறா கடிக்க வரும்போது அமெரிக்காக்காரர்கள் எல்லாம் சுத்தத் தமிழில் கத்துவார்கள்.

இத்தனைக்கும் நான் சுறாவைத் தின்றவள். மகள் பிறந்தபோது, பால் ஊறும் என்று என் மாமியார் பத்து நாள் விடாமல் பால்சுறாவைப் புட்டாக்கிப் போட்டார். பூண்டு தூக்கலாக, அருமையாக இருக்கும். தட்டில் உதிர்ந்து கிடந்ததும் படத்தில் வாயைப் பிளந்துகொண்டு வந்ததும் ஒரே மீன்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் வேலை. மயில், அன்னம், மாங்காய், முந்தானைக்கு யானை வரிசை. நாள் முழுக்கத் திரையில் கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில் இடுப்பு போயிற்று. "மாத்திரை எழுதித் தரேன், ஆனா நீச்சலடிச்சா மாத்திரை வேணாம்" என்றார் டாக்டர். ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் நீச்சல் குளம் இருந்தது. காலை ஆறு மணிக்கு லேடீஸ் பேட்ச். அங்கேதான் எனக்கு இரண்டு சிநேகிதிகள் கிடைத்தார்கள்.

ஒருவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. அறுபத்து மூன்று வயது. எங்கள் எல்லோருக்கும் அவர் டீச்சர். நீந்துவதில் வேகம் கிடையாது, ஆனால் மிதப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, கைகளை விரித்தால் முக்கால் மணி நேரம் அப்படியே கிடப்பார். இன்னொருவர் ஜரிகைக் கடை வைத்திருக்கும் அக்கா. உயரமானவர், குரலும் பெரிசு. கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிற நீச்சல் உடையைத் தேடிப்பிடித்து ஆன்லைனில் வாங்கியிருந்தார். குளத்தில் எங்கள் பேட்சிலேயே வேகமானவர் அவர்தான்.

கடலுக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது டீச்சர். குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி சாதாரணமாகத்தான் சொன்னார்.

"கடல்லயா? சுறா இருக்குது டீச்சர்!" என்றார் அக்கா.

"இருந்தா இருக்கட்டும். நான் முப்பத்தி நாலு வருஷம் எட்டாங்கிளாஸ் பசங்கள மேய்ச்சவ."

"எனக்கும் சுறான்னா பயம்தான் அக்கா," என்றேன் நான். அக்கா முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. துணைக்கு ஆள் கிடைத்துவிட்டதல்லவா. பயந்துகொண்டே இரண்டு பேரும் ஒப்புக்கொண்டோம்.

கோவளம் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில், அலையில் பலகை விடக் கற்றுக்கொடுக்கும் ஒருவரை என் தம்பி விசாரித்து வைத்தான். ஒரு ஞாயிறு விடியலில் கார் பிடித்து, வாலாஜாபாத் தாண்டி, செங்கல்பட்டில் டீ குடித்து, எட்டு மணிக்கெல்லாம் மணலில் நின்றோம். பயிற்சியாளருக்கு முப்பது வயது இருக்கும். வெயிலிலும் உப்பிலும் முடி செம்பட்டையாகிப் போயிருந்தது. இடுப்பில் கட்டிக்கொள்ள ஆளுக்கொரு ஆரஞ்சு நிற மிதவை கொடுத்தார். பட்டையை இறுக்குவதற்கு முன்பே அக்கா கேட்டுவிட்டார்.

"தம்பி, இங்க சுறா வருமா?"

"வந்தா நல்லாத்தான்கா இருக்கும். எங்கப்பா வலையப் போட்டுக்கினு தேடுறாரு, மாட்ட மாட்டேங்குது."

"அது இல்லபா. மனுசன கடிச்சிருக்குதா?"

"எங்க குப்பத்துல நான் கேள்விப்பட்டதில்ல. நாங்கதான் அத கடிச்சிக்கினு இருக்கோம்." சிரித்துவிட்டு உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். "நீங்க பயப்பட வேண்டியது இழுப்புக்குதான். தண்ணி உள்ளாற இழுத்துக்கினு போயிடும். அந்தக் கொடிக்கும் இந்தக் கொடிக்கும் நடுவுலயே இருங்க. நான் சொல்ற எடத்துக்கு அந்தாண்ட போவக்கூடாது."

அலை உடைகிற இடத்தைத் தாண்டும்வரைதான் பாடு. மூக்கில், காதில், தொண்டையில் எல்லாம் உப்பு. தாண்டிவிட்டால் கடல் சாதுவாகிவிடுகிறது. தூக்குகிறது, இறக்குகிறது, அவ்வளவுதான். டீச்சர் மல்லாந்தார். குளத்தில் கிடப்பதைவிடச் சுகமாகக் கிடந்தார். நான் அவர் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், காலை அசைத்துக்கொண்டிருந்தேன். இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. அக்கா மட்டும் மார்பளவு தண்ணீரைத் தாண்டவில்லை. தண்ணீருக்குள் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய மிதவைப் பட்டை கழன்றுகொண்டது. அதைக் கட்டிவிடப் பயிற்சியாளர் பலகையோடு அந்தப் பக்கம் போனார்.

அப்போதுதான் பார்த்தேன். தெற்கே, இரண்டு தென்னை உயரத் தூரத்தில், ஒரு கறுப்பு முக்கோணம். கோபுர பார்டருக்கு ஆயிரக்கணக்கில் முக்கோணம் வரைந்தவள் நான். ஒரு முக்கோணம் தனியாக நகர்ந்து வருவதை அன்றுதான் பார்க்கிறேன்.

"சுறா! சுறா!"

அந்தக் குரல் என்னுடையதுதான். அதற்குப் பிறகு என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. திரும்பிக் கரையைப் பார்த்து நீந்தினேன். அப்படி ஒரு வேகம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. போகிற வழியில் என் கை டீச்சரின் தோளில் இடித்தது. இடித்தது தெரிந்தது. நிற்கவில்லை. ஓர் அலை என்னைப் புரட்டி மணலில் போட்டது. முட்டி சிராய்த்ததோடு எழுந்து ஓடினேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முழுக்க என்னோடு ஓடியது. ஒருவர் இரண்டு கக்கத்திலும் இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தண்ணீரில் காலே வைக்காத சுண்டல்காரரும் தூக்குச் சட்டியோடு ஓடினார்.

காய்ந்த மணலுக்கு வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். கடலில் ஒரே ஒரு ஆரஞ்சு மிதவை. பக்கத்தில் டீச்சர், மல்லாந்தபடி.

திரும்பிப் போக வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். கால் வரவில்லை. பயிற்சியாளர் பலகையில் குப்புறப் படுத்துக் கையால் துழாவிக்கொண்டு டீச்சரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னொரு தலை போனது. அக்கா! எங்கள் எல்லோரையும்விடப் பயந்த அக்கா கழுத்தளவு தண்ணீரில், "டீச்சர்! வாங்க டீச்சர்! யா அல்லா, வந்துடுங்க டீச்சர்!" என்று கத்திக்கொண்டே உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

பயிற்சியாளர் பலகையில் எழுந்து உட்கார்ந்து, கையை வீசிச் சிரித்தார். "ஓங்கிலுக்கா! சுறா இல்ல, ஓங்கிலு!"

டால்ஃபினை அங்கே ஓங்கில் என்கிறார்கள். மூன்று முதுகுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின, வளைந்தன, முழுகின. மறுபடி எழும்பின. ஓடியவர்கள் எல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கே திரும்பினார்கள். டீச்சரும் அக்காவும் பலகையில் ஆளுக்கொரு கை வைத்துக்கொண்டு, கடைசி முதுகு மறையும்வரை அங்கேயே இருந்தார்கள்.

"மூச்சு விடறது காதுல கேட்டுதும்மா," என்றார் டீச்சர் கரையேறியதும். "குக்கர்ல ஆவி எறங்கற மாதிரி, புஸ்ஸுன்னு."

"சுறா இப்பிடி மேல வந்து மேல வந்து மூச்சு விடாதுகா," என்றார் பயிற்சியாளர் என்னிடம். "எழும்பி எழும்பி முழுகுச்சுன்னா ஓங்கில்."

மதியச் சாப்பாடு அவர் அம்மாவின் கீற்றுக் கொட்டகையில். சுறாப் புட்டும் இருந்தது. அக்கா இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். எனக்கு எதுவும் இறங்கவில்லை. சுறாவைப் பார்த்து அல்ல. கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டுச் சொன்னேன்.

"உங்கள அப்பிடியே விட்டுட்டு ஓடிட்டேன் டீச்சர். தோள்ல இடிச்சிட்டு வேற ஓடினேன்."

"இடிச்சது நீதானா? காது தண்ணிக்குள்ள இருந்துது, நீ கத்தினது எனக்குக் கேக்கவே இல்ல. கண்ணத் தொறந்து பாத்தா நீ பறந்துக்கினு போற. அவசரமா பாத்ரூம் வந்துடுச்சு போலன்னு நெனச்சேன்."

அக்காவுக்குப் புரையேறிற்று. நானும் சிரித்தேன். என் முகம் தெளியாததை டீச்சர் பார்த்திருக்க வேண்டும். இலையை மடித்துவிட்டு மெல்லச் சொன்னார். "கேட்டிருந்தா நானும் உன்னத் தள்ளிட்டுத்தான் போயிருப்பேன். தைரியம்லாம் ஒண்ணும் இல்ல."

"நீங்க எப்படிக்கா உள்ள போனீங்க?" என்று அக்காவிடம் கேட்டேன். "தெரியல மா. டீச்சர் வூட்டுக்காரருக்கு யாரு பதில் சொல்றது?" என்று சொல்லிவிட்டுப் புட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

கதை அதோடு முடிந்ததென்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை வேலையில் இருந்தபோது வாலாஜாபாத்திலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, பீச்சுப் பக்கம் போயிடாதீங்க. சுறா பூந்துக்கிச்சாம். வீடியோ அனுப்பியிருக்கேன் பாருங்க. ஊதா டீ ஷர்ட்டு போட்ட பொம்பளைக்குக் காலக் கடிச்சிடுச்சாம், பாவம்."

திறந்து பார்த்தேன். யாரோ மணலில் நின்று எடுத்தது. ஓங்கில் வந்த பகுதியை வெட்டிவிட்டு, ஓட்டத்தை மட்டும் வைத்து, பின்னால் பயங்கரமான இசையும் சேர்த்திருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால், சிராய்த்த முட்டியோடு, வாயைப் பிளந்துகொண்டு நான்.

"அந்தப் பொம்பள நல்லாத்தான் இருக்குது. நான்தான் அது."

"கால் இருக்குதா அண்ணி?" என்றாள்.

குடும்பக் குரூப்பில் நடந்ததை நடந்தபடி எழுதிப் போட்டேன். அது சுறா இல்லை, டால்ஃபின், பயந்து கத்தியது நான்தான் என்று. அதை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது, என் மகளிடமிருந்து. வீடியோ மட்டும் இன்னும் நான்கு குரூப்பில் சுற்றி, எங்கள் முதலாளி போனுக்கும் வந்து சேர்ந்தது. "உன்ன மாதிரியே ஒருத்தி ஓடறாம்மா" என்று காட்டினார். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் அக்கா கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றேன். இரண்டு நாள் குளத்தில் நீந்திக்கொண்டே யோசித்தேன். சுறா பயம் பாதி குறைந்திருந்தது. பதிலுக்கு வேறொரு பயம் உட்கார்ந்திருந்தது, மறுபடி அப்படி ஒன்று நடந்தால் மறுபடி ஓடிவிடுவேனோ என்று. வீட்டில் இருந்தால் அதற்கு விடை தெரியாது. போனேன்.

இந்த முறை டீச்சருக்குக் கடல் பக்கமாக நான் நின்றுகொண்டேன். அவரிடம் காரணம் சொல்லவில்லை. மேகம் ஒன்று கடந்தபோது தண்ணீரில் கறுப்பாக ஒரு நிழல் எங்களை நோக்கி வந்தது. மிதவைக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தேன். நிழல் எங்கள் மேலாகப் போயிற்று.

"டீச்சர், ஏதாச்சும் பாத்தா சொல்லவா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு காதைத் தண்ணீரிலிருந்து தூக்கினார். "சொல்லு. ஆனா மெதுவா சொல்லு."

சொல்லும்படி எதுவும் வரவில்லை. அக்கா அன்று எங்களோடு அலை தாண்டி வந்து, அரை மணி நேரம் நீந்தினார். கரையேறும் நேரத்தில் அவர் கணுக்காலில் சொறி மீன் பட்டுவிட்டது. கண்ணாடி மாதிரி மிதக்குமே, அந்த ஜெல்லி மீன். கால் தடித்துச் சிவந்துபோக, செங்கல்பட்டு வரை காரில் திட்டிக்கொண்டே வந்தார். சுறாவே தேவலாம் என்றார்.